குழலி குடித்த ஈரக்காற்று

ஒரு ராக்கெட் இருந்தது. சந்திரனுக்குப் போகிற ராக்கெட் என்று நினைத்துவிட வேண்டாம். தரையில் நிறுத்தினால் சாப்பாட்டு மேசையின் உயரம்கூட வராது, ஒரு கையால் தூக்கிவிடலாம். தூத்துக்குடியில், உப்பளங்களைப் பார்த்த ஒரு மாடி வீட்டில், டெல்பின் என்கிற பெண்ணும் அவள் அண்ணன் மனைவி கொரற்றியும் சேர்ந்து பொழுதுபோக்காகச் செய்தது அது. ஊரில் நாத்தனாரும் மைனியும் ஒன்று சேர்ந்தால் சேலை பார்ப்பார்கள், இல்லாவிட்டால் சண்டை போடுவார்கள். இவர்கள் ராக்கெட் விட்டார்கள்.

அந்த ராக்கெட்டின் உடம்பு ஒரு தாள்குழல். பழுப்புத் தாளைச் சாய்வாகச் சுற்றிச் சுற்றிப் பசை வைத்து ஒட்டியது. அவள் பெயர் குழலி.

குழலிக்கு வயது ஒன்றும் ஆகிவிடவில்லை. பசை காய்ந்தே கொஞ்ச நாள்தான். அதற்குள் அவள் வயிற்றில் ஒரு பிள்ளையை வைத்துவிட்டார்கள்.

பிள்ளை என்பது ஒரு சின்னப் பாராசூட். ரோஸ் நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக். எல்லாரும் அவளைக் குடைக்குட்டி என்றார்கள், குழலி வெறுமனே குட்டி என்றாள். குழலி அவளை விரித்துப் பார்த்ததே கிடையாது. மடித்து, சுருட்டி, நூல்களை மேலே தளர்வாகச் சுற்றி, ஆஸ்பத்திரித் துணியில் பொதிந்து கொடுக்கிற கைக்குழந்தை மாதிரித்தான் அவள் வந்து சேர்ந்தாள். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டெல்பின் பிள்ளைகளுக்குப் போடுகிற பவுடரைத் தடவியிருந்தாள். அந்த வாசம் குழலியின் உடம்பெல்லாம் ஏறிக்கொண்டது. அதிலேயே அவள் உருகிப்போனாள்.

"எம்மா," என்றாள் குட்டி முதல் நாளே. "இங்கன இருட்டா இருக்கு."

"அம்மா இருக்கேன்லா," என்றாள் குழலி. "இருட்டுன்னா அது அம்மாதான்."

குழலிக்குள் வேறு சிலரும் குடியிருந்தார்கள். அடி வயிற்றில், குட்டிக்குக் கீழே, கசக்கிய வெள்ளைத் தாள்கள் சில. தீப்பிடிக்காத மருந்துத் தண்ணீரில் முக்கிக் காயவைத்தவை. வெள்ளை உடுப்பும் அடக்கமான பேச்சுமாக இருந்ததால் அவர்களை எல்லாரும் சிஸ்டர்கள் என்றே கூப்பிட்டார்கள். வாய்ப்பக்கத்தில் எலாஸ்டிக் அக்கா. பாவாடைக்குப் போடுகிற சாதாரண எலாஸ்டிக் நாடாதான், கொஞ்சம் நீளம் கூடுதல். அவள் ஒரு நுனி குழலியின் உள்சுவரில் பசைபோட்டு ஒட்டியிருந்தது. மறுநுனியில் குட்டியையும் கூம்பையும் சேர்த்து முடிந்திருந்தார்கள். எல்லாருக்கும் மேலே, குழலியின் வாயை அடைத்துக்கொண்டு, கூம்பண்ணன். கடைசல் மரம், சிவப்புப் பெயின்ட். தன்னை யாராவது மூடி என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

"முன்னால போறவன் நான்," என்பான். "காத்தக் கிழிக்கிறவன் நான். மூடியாம்லா, மூடி!"

"பெரிய காத்தக் கிழிச்சீரு," என்பாள் எலாஸ்டிக் அக்கா. "நூல் கட்டாம விட்டா நீரு எந்த ஓடையில கெடப்பீரோ."

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகத்தான் இருந்தது அந்த வீடு. குழலி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் எதிர்ச்சுவரில் இருந்தது.

அந்தச் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு பழைய ராக்கெட் தொங்கியது. மூக்கு நசுங்கி, உடம்பு பாதியாகச் சுருங்கி, வாயில் காய்ந்த மண். அதன் வாயிலிருந்து நூல்கள் தொங்கின. நூல்களின் நுனியில் நீல நிறத்தில் ஒரு கட்டி, உருகி, கருகி, கோழிக்குண்டு அளவுக்கு இறுகிப்போன ஒரு கட்டி. அது ஒரு காலத்தில் பாராசூட்டாக இருந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

"அக்கா, அதுக்கு என்ன ஆச்சு?" என்று குழலி கேட்டாள்.

"மேல போனதும் வெடிக்கதுக்கு இந்தப் பொம்பளையாளுக வேட்டு வைப்பாகல்லா, பிள்ளைய வெளிய தள்ளுததுக்கு. அந்தத் தீ பட்டுட்டு."

"உள்ளுக்குள்ளயா? வயித்துக்குள்ளயா தீ வைப்பாக?"

"ஆமா. ஆனா அன்னைக்கு சிஸ்டர்மாரு யாரும் இல்லட்டி. இவுக வைக்க மறந்துட்டாக. அதுக்குத்தான் இப்ப சிஸ்டர்மாரு இருக்காகல்லா நடுவுல."

கீழேயிருந்து ஒரு சிஸ்டர் தலையாட்டினாள். "நாங்க கருகுவோம். அவ கருகமாட்டா. எங்களுக்கு இட்ட வேலையே அதுதான்."

குழலிக்கு அதற்குப் பிறகு யாரும் சொன்னது காதில் விழவில்லை. தீ, வயிறு, பிள்ளை என்கிற மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டால் எந்தத் தாய்க்குத்தான் மீதி வரி கேட்கும்?

"நாங் கட்டியிருக்கேன் குழலி," என்று எலாஸ்டிக் அக்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவ. வெளிய போனாலும் எங்க போவா? என்னத் தாண்டிப் போவ முடியுமா?"

"ஒம் பேச்சும் ஒன்ன மாரிதான் அக்கா. இழுக்க இழுக்க நீளுது. நம்பி நிக்க முடியுமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க அவள் சுருண்டே கிடந்தாள்.

புறப்படுவதற்கு முந்தின மத்தியானம் டெல்பின் ராக்கெட்டைக் கையில் எடுத்தாள். கூம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து மொத்த ராக்கெட்டையும் தூக்கினாள். குழலி தொங்கினாள், விழவில்லை. லேசாக ஒரு உதறு உதறினாள் டெல்பின். பொத்தென்று கூம்பு கையோடு வந்துவிட்டது.

"சரியா இருக்கு மைனி. லூசுமில்ல, டைட்டுமில்ல."

கொரற்றி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "டைட்டா இருந்தா என்ன? விழாம இருக்கும்லா?"

"நல்லாச் சொன்னிய போங்க. மூடி இறுகிட்டுன்னா குடை வெளியவே வராது. அதனாலதான் பேப்பர் குழல நெனச்சாப் பயமாருக்கு. ஈரக்காத்து பட்டாப் போதும், குடிச்சிட்டு ஊதிக்கிடும்."

சொன்னவள் எச்சரிக்கையாகத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த குழலிக்கு அது மருந்துச் சீட்டாகப் போய்விட்டது.

மூடி இறுகினால் குட்டி வெளியே வரமாட்டாள். ஈரம் குடித்தால் மூடி இறுகும். குழலி இந்த இரண்டையும் மனசுக்குள் ஜெபம் மாதிரித் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாக ஒரு வழி சொன்னதில்லை.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பெண்களும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். உப்பளங்களைத் தாண்டி ஒரு பொட்டல் உண்டு. வீடில்லை, மரமில்லை, மின்கம்பி இல்லை. தரை வெடித்து, வெள்ளை பூத்துக் கிடக்கும். கடலிலிருந்து வருகிற காற்று அங்கே வந்துதான் உட்காரும். அன்று அது கனமாக, நனைந்த துணி மாதிரி வந்தது.

"காத்து அடங்கட்டும்," என்றாள் கொரற்றி. "இப்ப விட்டா மணப்பாட்டுல போயித்தான் எடுக்கணும்."

கம்பியை நட்டு, குழலியை அதில் கோத்து நிறுத்திவிட்டு இருவரும் ஸ்கூட்டர் நிழலில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார்கள். கூம்பை ஒரு தடவை இங்கே வைத்துச் சரிபார்க்கவேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வீட்டில்தான் பார்த்தாயிற்றே.

குழலி குடிக்க ஆரம்பித்தாள்.

முதலில் மெதுவாக. தாளின் ஒவ்வொரு இழையும் ஒரு சின்ன வாய். அந்த வாயெல்லாம் திறந்தன. உப்பும் ஈரமும் கலந்த காற்று உள்ளே இறங்கியது. கரிப்பாக இருந்தது, குமட்டியது. அவள் நிறுத்தவில்லை. பத்தியம் இருக்கிறவள் கஷாயம் குடிப்பதுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். உடம்பு தடித்தது. வாய் ஒடுங்கியது.

"தங்கச்சி," என்றான் கூம்பண்ணன். "என்ன, எங் கழுத்தப் பிடிக்கிற?"

"சும்மா இருங்கண்ணே."

"சும்மா எப்படி இருக்க? பெயின்ட் உரியுது இங்கன."

"நேத்தெல்லாம் முன்னால போறவன் நாந்தான்னு சொன்னீகல்லா. இப்பப் பிரியாம போங்க."

கூம்பண்ணனுக்கு அதுவும் ஒரு பெருமையாகத்தான் பட்டது. தலையை இன்னும் நிமிர்த்திக்கொண்டான்.

எலாஸ்டிக் அக்காவுக்கு மட்டும் சங்கதி புரிந்துவிட்டது. ஒட்டியிருந்த நுனியில் சுவர் தடிப்பது அவளுக்குத் தெரிந்தது. "ஏட்டி குழலி! என்ன செய்யுத நீ?"

"எம் பிள்ளையப் பாத்துக்கிடுதேன்."

"பாத்துக்கிடுதியா? வாசல அடைக்கிற!"

"அடைக்கத்தான் செய்வேன். அந்த ஆணியில தொங்குதத நீ பாக்கலியா? அந்த நீலப் பிள்ளையோட அம்மையும் ஒன்ன மாரி ஒருத்தி பேச்சக் கேட்டிருப்பா."

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீழே யாரோ வந்து இடித்தார்கள்.

டெல்பின் மோட்டாரைச் செருகிக்கொண்டிருந்தாள். அட்டைக் குழாயில் அடைத்த வெடிமருந்து, குட்டையான தடித்த ஆசாமி. உள்ளே வந்ததும் மரியாதையாகக் கனைத்தார்.

"இடிச்சிட்டனா தங்கச்சி? எனக்குன்னு விட்ட எடம் இம்புட்டுத்தான்."

"நீங்கதான் வேட்டு அண்ணாச்சியா?" என்றாள் குழலி.

"அப்படித்தான் சொல்லுதாக."

"என்ன செய்வீக நீங்க?"

"மொதல்ல தள்ளுவேன். பொறவு கொஞ்ச நேரம் பொகைய மட்டும் விட்டுக்கிட்டுச் சும்மா இருப்பேன். கடைசியில மேலாக்க ஒரு இருமல். அதோட எஞ் சோலி முடிஞ்சிது."

"மேலாக்கன்னா?"

"ஒன் வயித்துக்குள்ளதான், வேற எங்க?"

"தீயோடயா?"

அண்ணாச்சி கொஞ்சம் சங்கடப்பட்டார். "தீ இல்லாம இருமத் தெரியாதே தங்கச்சி. எங்க கொலமே அப்படி."

குழலி இன்னும் ஒரு மடக்கு காற்றைக் குடித்தாள்.

"எம்மா," என்றாள் குட்டி. அவள் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. "இடம் பத்தல. நீ ஏன் கிட்டக் கிட்ட வாற?"

"குளிருது குட்டி. அதான்."

"எனக்குக் குளிரலியே."

"அம்மாவுக்குக் குளிருது."

காற்று அடங்கியது. கொரற்றி டீத் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்து, ஒயரை இழுத்துக்கொண்டு தூரமாகப் போனாள். மற்றவர்களெல்லாம் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவார்களாம். கொரற்றிக்கு அந்தப் பழக்கமில்லை.

"இயேசு மரி சூசை," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

அண்ணாச்சி தள்ளினார்.

தள்ளினார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அது எப்படி இருந்தது என்றால், உலகத்தை யாரோ கீழே பிடித்து இழுத்ததுபோல இருந்தது. பொட்டல் போயிற்று. ஸ்கூட்டர் போயிற்று. இரண்டு பெண்களும் இரண்டு புள்ளிகளாகப் போனார்கள். கூம்பண்ணன் ஓவென்று கத்தினான், பயத்திலா சந்தோஷத்திலா என்று அவனுக்கே தெரியவில்லை. சிஸ்டர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு சத்தம் நின்றது.

அண்ணாச்சி சொன்னபடி சும்மா இருந்தார். பின்னால் ஒரு வெள்ளைப் புகை மட்டும், சாம்பிராணி மாதிரி, மெல்லிசாக வந்துகொண்டிருந்தது. குழலி தன்பாட்டில் மேலே போய்க்கொண்டிருந்தாள். யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. தூக்கத்தில் மாடிப்படி ஏறுகிற மாதிரி இருந்தது. கால் தெரியவில்லை, படி தெரியவில்லை, ஏறுவது மட்டும் தெரிந்தது.

கீழே பார்த்தாள். உப்பளங்கள் கண்ணாடிகளாகக் கிடந்தன. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு மேகம். ஓலை மூடிய உப்புக் குவியல்கள் முக்காடு போட்டுப் பூசைக்கு உட்கார்ந்திருக்கிற பெண்களைப்போல வரிசையாக இருந்தன. அதற்கப்பால் கடல், கடலில் நகராத ஒரு கப்பல், அதற்கும் அப்பால் ஒன்றுமேயில்லை, வெளிச்சம் மட்டும். இவ்வளவு பெரிசாக ஒன்று இருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லையே! சுற்றிச் சுற்றி ஒட்டிய தாளின் உள்பக்கத்தைத் தவிர வேறெதையும் அவள் இத்தனை நாள் உலகம் என்று நினைத்ததில்லை.

"எம்மா, என்ன தெரியுது?" என்றாள் குட்டி.

"ஒண்ணுமில்ல, குட்டி."

"பொய் சொல்லுத. ஒம் மூச்சு மாறுது."

அந்த நேரத்தில் குழலி ஏறுவதை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்றுகூடச் சொல்லக்கூடாது. ஏறுவது தீர்ந்துவிட்டது. மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு கூம்பண்ணனின் தலை மெல்லச் சாய்ந்தது. வானம் முதுகுப்பக்கம் போனது. தரை முகத்துக்கு நேரே வந்தது.

"தங்கச்சி," என்று அண்ணாச்சி தணிந்த குரலில் சொன்னார். "இருமப் போறேன். எல்லாரும் சூதானமா இருங்க."

குழலி கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினாள். உடம்பில் இருந்த ஒவ்வொரு இழையாலும் இறுக்கினாள்.

இருமினார்.

தீ வந்தது. குழலி நினைத்ததைவிடச் சின்னத் தீ. சிஸ்டர்கள் முன்னால் போய் நின்று வாங்கிக்கொண்டார்கள். விளிம்புகள் கருகின, அவர்கள் நகரவில்லை. தீ அங்கேயே செத்தது. ஆனால் தீயோடு வந்த காற்று சாகவில்லை. அது சிஸ்டர்களைத் தள்ளியது. சிஸ்டர்கள் குட்டியைத் தள்ளினார்கள். குட்டி கூம்பண்ணனின் அடியில் போய் முட்டினாள்.

கூம்பண்ணன் அசையவில்லை.

"தங்கச்சி, விடு!" என்று கத்தினான். "எம் மேல பழி போடாத. நான் போவத் தயார். நீதான் பிடிச்சிருக்க!"

"தொற தங்கச்சி!" என்றார் அண்ணாச்சி. "எனக்கு நிக்க முடியல. முன்னால வழி இல்லன்னா நான் பின்னாலதான் தெறிச்சுப் போவேன். நான் போய்ட்டா வேற யாரும் இல்ல, தள்ளிவிட."

"தீ," என்றாள் குழலி. அவளால் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சொல்ல முடியவில்லை. "தீ."

"தீ முடிஞ்சிட்டு!" என்றாள் எலாஸ்டிக் அக்கா. "அது எப்பவோ முடிஞ்சிட்டு. கண்ணத் தொறந்து பாருட்டி!"

குழலி கண்ணைத் திறந்தாள்.

தரை வந்துகொண்டிருந்தது. மேகம் வைத்திருந்த கண்ணாடிகள் இல்லை இப்போது. வெடித்த மண். ஒவ்வொரு வெடிப்பும் ஒவ்வொரு கல்லும் அவளுக்கென்று தனியாகக் காத்திருப்பதுபோல வளர்ந்துகொண்டே வந்தன. ஆணியில் தொங்கியவளின் நசுங்கிய மூக்கும் வாய் நிறைந்த மண்ணும் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தன. இத்தனை நாள் அந்த நீலக் கட்டியை மட்டுமே பார்த்திருக்கிறாள். அது தொங்கிய உடம்பைப் பார்க்கவில்லை. தீக்குப் பயந்து பயந்து, தரை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருக்கிறாள்.

விட்டுவிட வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவுசெய்தாள். ஆனால் முடிவு செய்தால் போதுமா? குடித்தது குடித்ததுதான். நனைந்த தாள் நினைத்த மாத்திரத்தில் காயுமா? வாய் ஒடுங்கியது ஒடுங்கியபடியே கிடந்தது. பிடித்திருந்த கையைத் திறக்க அவளாலேயே முடியவில்லை.

"எம்மா?" என்றாள் குட்டி.

தாளுக்குத் தெரிந்த இன்னொரு வழி ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

குழலி தன்னைச் சுற்றிச் சுற்றி ஒட்டிய அந்த ஓரத்தைத் தேடினாள். சாய்வாக ஓடுகிற பசைக்கோடு. அவள் பிறந்ததே அந்தக் கோட்டில்தான். அங்கே இருந்த பிடிப்பை, ஒரே ஒரு இடத்தில், விட்டாள்.

கிழிந்தாள்.

வாயிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தாள். வலி என்று நினைக்கக்கூட நேரமில்லை. கூம்பண்ணன் வெடித்துப் பறந்தான். கருகின சிஸ்டர்கள் சாம்பல் பூக்களாகச் சிதறினார்கள். பவுடர் வாசம் ஒரு மேகமாக எழுந்து போயிற்று. குட்டி போனாள்.

வயிறு காலியாயிற்று.

அப்படி ஒரு வெறுமையைக் குழலி அறிந்ததில்லை. காற்று ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கமாக வெளியேறி, அவளுக்குள் ஊ என்று ஊதியது. இனி என்ன, விழ வேண்டியதுதான். தரை வரட்டும். குட்டி எங்கேயாவது, எந்தக் காற்றிலாவது, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும். கூம்பண்ணனாவது அவளோடு கூட இருக்கிறான். அவன் பேச்சுத்தான் பெரிசு, ஆள் மோசமில்லை.

இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போது, உள்சுவரில் ஒட்டியிருந்த இடத்தில், சுண்டி இழுத்தது.

எலாஸ்டிக் அக்கா தன் நீளம் முழுக்க நீண்டு, முனகி, மறுபடி சுருங்கினாள். குழலியின் தலை மேலே திரும்பியது. விழுவது நின்றது. ஊ என்ற சத்தம் ஓய்ந்தது. அவள் ஆடிக்கொண்டிருந்தாள், தொட்டிலில் போட்ட மாதிரி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.

மேலே பார்த்தாள். வானத்தைக் காணோம். வானம் இருக்கவேண்டிய இடத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ ஒன்று விரிந்திருந்தது. வெயில் அதற்குள் புகுந்து, அதன் வழியாகக் குழலியின் மேலெல்லாம் இறங்கியது. இவ்வளவு அகலமான ஒன்றை அவள் பார்த்ததில்லை. அதன் விளிம்பு காற்றில் லேசாகத் துடித்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "அது யாரு?"

எலாஸ்டிக் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்துவிட்டாள். "யாரா? நல்லாக் கேட்ட போ. நீ பெத்தவதான்."

"குட்டியா? அவ இம்புட்டுத்தானே இருந்தா."

"நீ மடிச்சு வச்சிருந்த. இம்புட்டுத்தான் இருந்தா."

"எம்மா!" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. அதே குரல்தான், ஆனால் அதில் இடம் இருந்தது. "எம்மா, கடலு! நீ ஒண்ணுமில்லன்னு சொன்ன!"

குழலி அந்த ரோஸ் அகலத்தை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தாள். 

கூம்பண்ணன் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தான். அவன் சிவப்பில் பாதி உரிந்திருந்தது. "முன்னால போறவன் நான்," என்று வழக்கம்போல ஆரம்பித்தான். பிறகு மேலே பார்த்தான், கீழே பார்த்தான், வேறு பேச்சு எதுவும் கிடைக்காமல், "காத்து நல்லாருக்கு, என்ன?" என்று முடித்துக்கொண்டான்.

அவர்கள் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்றால் அவசரமில்லாமல். ஒரு தட்டான் வந்து குழலியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. உப்பளப் பாத்திகளில் ஒரு ரோஸ் புள்ளி, பாத்திக்குப் பாத்தி தாண்டி, அவர்களோடுகூட நடந்து வந்தது. பிள்ளையைச் சுமந்துகொண்டு மேலே போனவள், பிள்ளை சுமக்கக் கீழே வந்துகொண்டிருந்தாள். அண்ணாச்சி அடியில் நன்றாகத் தூங்கிவிட்டார்.

பொட்டலில் வந்து தொட்டபோது, திறந்திருந்த கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொள்கிற அளவுக்குக்கூடச் சத்தமில்லை.

இரண்டு பெண்களும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

"கடைசி நேரத்துல வந்துது பாத்தியா? எனக்கு உசிரே போய்ட்டு," என்றாள் கொரற்றி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

டெல்பின் குழலியை எடுத்துப் பார்த்தாள். கிழிந்த வாயைத் தடவினாள். விரலை முகர்ந்தாள். "மைனி, இங்க பாருங்க. ஊதிப் போயிருக்கு. ஈரம். இங்க வச்சு ஒருக்காப் பாத்திருக்கணும் நாம."

"கிழிஞ்சிட்டே. அப்ப இது இனி ஆவாதா?"

"ஆவாம என்ன? இந்தத் துண்ட வெட்டி எடுத்துட்டு, வெயில்ல நல்லாக் காயவச்சு, உப்புத்தாள் போட்டு உள்பக்கம் தேச்சிரலாம். கொஞ்சம் குட்டையாயிரும், அவ்ளோதான்."

"கிழிஞ்சதே நல்லதாப் போச்சு, இல்ல?"

"கிழியலன்னா மண்ணுதான் மைனி."

அவர்கள் பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை எடுக்க ஸ்கூட்டரிடம் போனார்கள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. குழலி தரையில் படுத்திருந்தாள். குடித்த ஈரமெல்லாம் அவளிடமிருந்து மெல்லப் போய்க்கொண்டிருந்தது. போகப் போக உடம்பு லேசாயிற்று. பக்கத்தில், நூல்களின் மறுமுனையில், குட்டி தரைமேல் விரிந்து கிடந்தாள். காற்று வரும்போது எழுந்து ஒரு வீடு மாதிரி நின்றாள், போகும்போது படுத்துக்கொண்டாள்.

குழலி வெகுநேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், கிழிந்த வாயால் கேட்டாள்.

"பயமா இருந்துச்சாட்டி?"

"ரொம்ப."

"தீயப் பாத்தா?"

"தீயா? அது எங்க வந்துது? அந்த சிஸ்டர்மாரு என்னப் பாக்கவே விடலியே." காற்று வந்தது. குட்டி ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தாள். "நீ நடுங்கிக்கிட்டே இருந்தல்லா, அதான் பயமா இருந்துச்சு."